பார்க்கில் நட்ட கல்

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: எங்கள் நகர் சங்கத்தின் தலைவராக இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அவருடைய மனைவி, எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் குடியிருக்கிற ஆண்களில் பெரும்பாலானோர், மூட்டை தூக்கப் போகாத நாள் என்பதால் என் அப்பா, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்ற என் அம்மா, பேச வேண்டியதை முதல் நாளே மனப்பாடம் செய்துகொண்டு வந்த நான். வராதவர்களில் முதலில் எலெக்ட்ரீஷியன் வீட்டார். அவர்கள் கத்தோலிக்கர்கள், காலைப் பூசைக்குப் போயிருந்தார்கள். போகாமல் இருந்திருந்தாலும் அவர்களை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அப்புறம், பார்க்கில் வாலிபால் ஆடிய பெண்களில் ஒருத்தியும் வரவில்லை. என் தங்கை வீட்டில் இருந்தாள். அன்று அவள் தூரம், மாதவிலக்கு நாள். தூரமான பெண்கள் அந்த இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று ஆகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவள் ஆடுகிற இடம் இனி இருக்குமா இருக்காதா என்று முடிவு செய்யத்தான் கூட்டமே.

எங்கள் நகர் திண்டிவனத்துக்கு வெளியே இருக்கிறது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையாக இருந்ததைக் கல் நட்டு மனையாக்கி விற்றார்கள். பாதி மனைகள் சென்னைக்காரர்கள் வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோனவை. மீதியில் எங்களைப் போலத் தவணை கட்டி ஓட்டு வீடோ தளம் போட்ட ஒட்டு வீடோ எழுப்பிக்கொண்டவர்கள். மனை விற்கும்போது கொடுத்த வரைபடத்தில் நடுவில் ஒரு பச்சைக் கட்டம் இருந்தது. பூங்காவுக்காக ஒதுக்கிய இடம். அதில் பூவும் கிடையாது, செடியும் கிடையாது. ஒரு வேப்பமரம், ஏணி உடைந்த ஒரு சறுக்குமரம், நிறைய நெருஞ்சி. ஆனாலும் எல்லோரும் அதைப் பார்க்கு என்றுதான் சொல்வோம். ஆட்டோக்காரரிடம், "பார்க்காண்ட நிறுத்துங்க" என்போம். அவருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் ரயில், சாயங்காலம் பஸ். தங்கை எனக்கு ஐந்து வயது இளையவள். என்னைவிட உயரம். பள்ளிக்கூடத்திலேயே அவளுடைய உயரத்தைப் பார்த்து உடற்பயிற்சி ஆசிரியை அவள் கையில் பந்தைக் கொடுத்துவிட்டார். திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போன பிறகும் அந்த ஆசிரியை விடவில்லை. விழுப்புரத்தில் நடக்கும் மாவட்ட அணித் தேர்வுக்கு வந்து நில்லு, அணிக்குள் வந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு முயற்சி செய்யலாம் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து தங்கை வீட்டில் காக்கி நிறத்தில் எந்தத் துணியைப் பார்த்தாலும் தோளில் போட்டுப் பார்ப்பாள்.

நிலத்தில் ஊன்ற இரண்டு சவுக்குக் கம்பு, மரக்காணத்திலிருந்து அப்பா வாங்கி வந்த பழைய மீன்வலை, எலெக்ட்ரீஷியன் கட்டிக்கொடுத்த ஒரு விளக்கு. இவ்வளவுதான் மைதானம். தெருவில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். எலெக்ட்ரீஷியனுடைய மகள்தான் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். தூக்கிக் கொடுக்க அவள், அடிக்க என் தங்கை. ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தியின் ஆட்டம் இல்லை. அவள் கை விரல்களில் பந்து ஒரு கணம் உட்கார்ந்துவிட்டு மேலே போகும். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அந்தச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். அதைக் கேட்டால் அன்றைக்கு வீட்டில் சண்டை எதுவும் இல்லை என்று அர்த்தம்.

தொல்லை கோழிக்கடையிலிருந்து ஆரம்பித்தது. கழிவை மூட்டையாகக் கட்டி ராத்திரியில் கொண்டுவந்து பார்க்கில் வீசிவிட்டுப் போனார்கள். அப்புறம் குடிக்க வருகிறவர்கள். ஒரு நாள் பாட்டில் துண்டு குத்தி ஒரு பெண்ணுக்குக் குதிகாலில் தையல் போட வேண்டியிருந்தது. அதற்கும் மேலே, ஒரு நாள் யாரோ இரண்டு பேர் டேப் வைத்துப் பார்க்கின் ஓரத்தை அளந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் அங்கே ஒரு டிராக்டர் கிராவல் கொட்டிக் கிடந்தது. நான் பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு எழுதினேன். வரைபடத்தை நகல் எடுத்து இணைத்தேன். பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். மறுபடி எழுதினேன், மறுபடி முத்திரை குத்தினார்கள்.

அம்மா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். துணி துவைக்கிற கல் இரண்டாக உடைந்து, ஒரு பாதி வெகுநாளாகச் சுவரோரம் கிடந்தது. அதை அம்மாவும் தங்கையும் எலெக்ட்ரீஷியன் மகளும் உருட்டிக்கொண்டே பார்க்குக்குக் கொண்டுபோனார்கள். வேப்பமரத்தடியில் குழி தோண்டி நிறுத்தினார்கள். அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, ஒரு மஞ்சள் துணியைச் சுற்றினாள். வேப்பிலைக் கொத்தைச் செருகினாள்.

"இன்னாம்மா இது?" என்று கேட்டேன்.

"நீ எழுதிக்கினே இருடா. உன் மனுவ எவன் படிச்சான்? இத படிக்கத் தெரியாதவனும் படிப்பான்."

எலெக்ட்ரீஷியன் மகள் கைமண்ணைத் தட்டிக்கொண்டே, "அத்த, உங்க சாமிக்கு பேரு இன்னா?" என்றாள்.

"வாலிபால் அம்மன்," என்றாள் தங்கை. மூன்று பேரும் சிரித்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டேதான் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்றோடு கோழிக்கழிவு நின்றது. குடிக்க வந்தவர்கள் கல்லைப் பார்த்துவிட்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார்கள். டேப்போடு வந்த ஆள் மறுபடி வந்தார். மஞ்சள் துணியைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், ஒரு கும்பிடு போட்டார், டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவர்தான், அப்புறம் வரவேயில்லை. கொட்டின கிராவலைப் பெண்கள் மைதானத்தில் பரப்பிச் சமன் செய்துகொண்டார்கள். நான் படித்த படிப்பு முழுவதும் செய்ய முடியாததை உடைந்த கல் ஒன்று செய்துவிட்டது என்று பள்ளியில் சக ஆசிரியர்களிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அந்தக் கோடை முழுக்கப் பந்து சத்தம் கேட்டது. எங்களுக்கு நல்லது நடந்தது அந்தக் கோடையில்தான்.

முதலில் விளக்கேற்றியது கண்டக்டரின் மனைவி. அவர்கள் வீட்டு மருமகளுக்குக் கல்யாணமாகி வெகுநாள் குழந்தை இல்லை. கல்லுக்கு வேண்டிக்கொண்டார்கள். மருமகள் உண்டானாள். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு சூலம். ஒரு மணி. கல்லைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்குச் சிமென்ட் மேடை. மேடைக்கு மேல் தகரக் கூரை. ஆடியில் கேப்பைக் கூழ் ஊற்றினார்கள். வரிசையில் நின்று நானும் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. மழை பெய்த மறுநாள் காலையில் அம்மன் தானாக மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்ததாகக் கண்டக்டர் வெளியூர் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர். பஸ்ஸில் மீதிச் சில்லறையைத் தேடிப்பிடித்துக் கொடுத்தவர் என்று அப்பா சொல்வார். அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

அதைக் கேட்டு அம்மா முதல் தடவை வீட்டுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தானா வந்திச்சாம்டா. எம் முதுகு எலும்பு கழண்டுபோச்சி, அது தானா வந்திச்சாம்." இரண்டாம் தடவை யாரோ அதையே சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்திருந்தாள்.

ஒரு நாள் நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி, "பார்க்காண்ட விடுங்க" என்றேன். ஓட்டியவர் இளைஞர், புதியவர். யோசித்தார். "கோயிலாண்டயா அண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னால்தான் வீட்டுக்குப் போக முடியும்.

பந்து ஒரு முறை மணியில் பட்டது. அன்றிலிருந்து விதிகள் வந்தன. செருப்போடு வரக்கூடாது. விளக்கு வைத்த பிறகு ஆடக்கூடாது. கல்லூரி விட்டு வந்து, வீட்டு வேலை முடித்துப் பெண்கள் ஆட வருவதே விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான். சரி, கொஞ்சம் முன்னால் வந்து ஆடினார்கள். அப்போது அந்தக் கேள்வி வந்தது. கண்டக்டரின் மனைவி சாயங்காலத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்க்கின் வழியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மே, தலைக்கு ஊத்திக்கினியா?"

"இன்னாத்துக்குக் கேக்குறீங்க பெரியம்மா?" என்றாள் தங்கை.

"ஆத்தா எடம்டி. தீட்டோட உள்ள வந்தா உனக்குத்தான் ஆவாது. உன் நல்லதுக்குத்தான் கேக்குறேன்."

அவர் கெட்டவர் இல்லை. உள்ளே போகிற ஒவ்வொருத்தியையும் அதே அன்போடுதான் கேட்டார். ஏழெட்டுப் பேர் ஆடுகிற ஆட்டத்தில் எந்த வாரமும் யாரோ ஒருத்தி தூரமாகத்தான் இருப்பாள். வாய்க்கால் பாலத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கு இது விளையாட்டானது. யார் திரும்பிப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். "டேய், இன்னிக்கு சென்டர் லீவுடா" என்று ஒருவன் கத்துவான். "போன வாரம்தானடா லீவு எடுத்தா, சம்பளத்தப் புடி" என்று இன்னொருவன் கத்துவான். ஒருத்தி அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாள், அப்புறம் வரவில்லை. இன்னொருத்தி பொய் சொல்லிவிட்டு உள்ளே வந்து ஆடினாள். அன்று ராத்திரி அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அவளும் நின்றுவிட்டாள்.

எலெக்ட்ரீஷியன் மகள்தான் கடைசிவரைக்கும் தைரியமாக இருந்தாள். "எங்க சாமி இதெல்லாம் கேக்கமாட்டாரு பெரியம்மா, நான் உள்ள போறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கண்டக்டரின் மனைவியும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அப்ப உங்க சாமி எடத்துல போயி ஆடும்மா."

வீட்டுக்குப் போய் அவள் இதை வேடிக்கையாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவளுடைய அப்பாவுக்கு அது வேடிக்கையாக இல்லை. அவர் தொழில் எங்கள் இரண்டு தெருவின் ஒயரிங்கை நம்பி இருக்கிறது. மறுநாள் வந்து கம்பத்தில் ஏறி, தான் கட்டிய விளக்கைக் கழற்றிக்கொண்டார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நாங்க வேதக்காரங்க நாலு வீடுதான் இருக்கோம். எங்களுக்கு இந்த பேஜாரு வேணாம்" என்றார். மகளை அவர் அனுப்பவில்லை. தங்கைக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்க ஆள் இல்லை.

இந்த நிலையில்தான் சங்கத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கோயிலைச் சுற்றி, அதாவது பார்க்கு முழுவதையும் சுற்றி, கம்பி வேலி போட்டுக் கேட் வைத்து, உள்ளே சிமென்ட் தளம் போடுவது. சவுக்குக் கம்புகளைப் பிடுங்கிவிடுவது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

அன்று காலையில் தங்கை அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள். தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன.

"அம்மா, நான் வர முடியாது. நீ போயி ஒரு வார்த்த சொல்லு. கல்லு நம்புளுது, நாந்தான் வச்சேன்னு. போதும். வேற எதுவும் கேக்கல."

"சொல்றேன்," என்றாள் அம்மா.

கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். இது பூங்காவுக்காக ஒதுக்கிய இடம் என்றேன். கோயில் இருக்கட்டும், மீதி இடத்தில் பிள்ளைகள் ஆடட்டும், இந்தப் பக்கத்தில் பெண் பிள்ளைகள் ஆட வேறு இடம் கிடையாது என்றேன். மனப்பாடம் செய்ததில் பாதி மறந்துவிட்டது.

கண்டக்டர் பொறுமையாகக் கேட்டார். "தம்பி படிச்சவரு. அவரு சொன்னா கரெக்டாத்தான் இருக்கும். ஆனா தானா வந்து உக்காந்த ஆத்தாள நாம அளவு போட்டு, நீ இவ்ளோ எடத்துல இரு, மீதில பந்து அடிப்பாங்கன்னு சொல்ல முடியுமா?"

"தானா வரலிங்க," என்றேன். "அது எங்க வீட்டு துணி தொவைக்கிற கல்லு."

சிலர் சிரித்தார்கள். சிலர், "டேய், வாய அடக்குடா" என்றார்கள். ஒருவர், "அப்ப உன் சட்டைய கொண்டாந்து இங்கியே தொவைச்சிக்கிறியா?" என்றார். அப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அப்போது அம்மா ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தாள்.

"வச்சது நாந்தான்," என்றாள். "எங்க கல்லுதான். பொண்ணுங்க ஆடட்டும்னு வச்சேன்."

கண்டக்டரின் முகம் சட்டென்று வாடிப்போனதைப் பார்த்தேன். அவருடைய மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கண்டக்டர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "சரிம்மா. உன் கல்லுதானே. நீ வச்சத நீயே எடுத்துடு. யாரும் தடுக்கமாட்டோம். எடுத்துக்கினு போ."

அம்மா மேடையை நோக்கிப் போனாள். யாரும் தடுக்கவில்லை. சொன்னபடி எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். மேடை ஏறினாள், குனிந்தாள், இரண்டு கைகளையும் கல்லின் இரண்டு பக்கமும் வைத்தாள். மஞ்சள் துணியின் முடிச்சில் அவள் விரல் பட்டது. அப்படியே நின்றாள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கைகளை எடுத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னால ஆவாது," என்றாள், யாரையும் பார்க்காமல். "எம் பொண்ணு செலக்சன் ஆவணும்னு இதுங்கிட்டதான் வேண்டிக்கினு கெடக்குறேன். வெளக்கு போட்டிருக்கேன். காசு முடிஞ்சி வச்சிருக்கேன். இப்ப எடுத்தா அவளுக்கு ஆவாது."

யாரோ ஒரு பெண் குலவையிட்டாள். வேலிக்குச் சம்மதம் சொல்லிக் கைகள் உயர்ந்தன. அப்பா கையைத் தூக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை, தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

வீட்டில் தங்கை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். இருந்தாலும் கேட்டாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்புறம் இன்னா?"

"எடுத்துக்கினு போன்னாங்க. கை வரல."

"கல்லுதானம்மா அது."

"உனக்கு கல்லு," என்றாள் அம்மா.

இதற்கு மேல் அவர்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. யாரைக் குறை சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. தங்கையின் ஆட்டத்துக்காக அம்மா நட்டாள், தங்கையின் வேலைக்காக வேண்டினாள். இரண்டையும் செய்தது ஒரே கைதான். கணக்கு வாத்தியாரான எனக்கு அதில் எந்த வரியில் தப்பு நடந்தது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

விழுப்புரத்தில் பெரிய மைதானம் இருக்கிறது. என்னோடு காலை ரயிலில் வந்து அங்கே ஆடு என்றேன். சில நாட்கள் வந்தாள். அங்கே ஆடுகிற பெண்களுக்கு அவர்களுடைய அணி இருந்தது. ஓரத்தில் நின்று பந்து பொறுக்கிப் போட்டுவிட்டு, கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பி ஓடி வருவாள். வருகைப்பதிவு குறைந்து கல்லூரியில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். பிறகு வீட்டுப் பின்சுவரில் தனியாகப் பந்தடித்தாள். சுவர் திருப்பித்தான் அடிக்கும், தூக்கிக் கொடுக்காது. அடுத்த வீட்டில் கைக்குழந்தை தூங்கவில்லை என்று சொன்னார்கள். அதையும் நிறுத்தினாள்.

தேர்வு நாளன்று நான் விடுப்பு போட்டுவிட்டுக் கூடப் போனேன். அம்மா விடியற்காலையில் கோயிலுக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்து அவளுக்கு வைத்து அனுப்பினாள். தங்கை நெற்றியைக் காட்டினாள். முதல் சுற்றில் உயரத்தைப் பார்த்து எடுத்தார்கள். இரண்டாவது சுற்றில் ஆட விட்டார்கள். பந்து மேலே வரும்போது அவள் சீக்கிரம் எழும்பினாள், அல்லது தாமதமாக எழும்பினாள். எனக்கே தெரிந்தது. அவளைச் சிபாரிசு செய்த அந்தப் பழைய ஆசிரியையும் வந்திருந்தார். "டச் விட்டுப்போச்சேம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு அவரே வேறு பக்கம் பார்த்தார். அடுத்த வருடம் அவளுக்கு அந்தப் பிரிவின் வயது தாண்டிவிடும் என்பது அவருக்கும் தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். விக்கிரவாண்டி தாண்டியதும், "அண்ணா, துணிக்கடையில ஆளு கேக்குறாங்களாம். படிச்சிக்கினே போலாமாம்" என்றாள். யோசிக்கலாம் என்றேன். யோசிப்பதற்கு எதுவும் இல்லை. இப்போது சாயங்கால நேரத்தில் அந்தக் கடையில் புடவை மடிக்கிறாள். உயரமாக இருப்பதால் மேல் தட்டுப் புடவைகளை எடுக்க ஏணி வேண்டியதில்லை என்று முதலாளி சந்தோஷப்படுகிறாராம்.

வேண்டுதல் பலிக்கவில்லையே என்று ஒரு முறை அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "அவளுக்கு வேற எதுனா வச்சிருப்பா ஆத்தா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். வெள்ளிக்கிழமை வேலையை அவள் விடவில்லை. தங்கை எந்த நாளிலும் அந்த கேட்டுக்குள் போவதில்லை. கேட்டால், "தூரம்" என்பாள். மாதம் முழுக்க அதே பதில்தான்.

தை மாதத்தில் வேலி, கேட், தளம் எல்லாம் முடிந்து திறப்பு விழா நடந்தது. செலவைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று எல்லா வீட்டுக்கும் பிரித்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பங்கை என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். எலெக்ட்ரீஷியனும் மற்ற மூன்று கத்தோலிக்க வீட்டுக்காரர்களும்கூட, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். கேட் சாயங்காலத்தில் ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கும், அதுவும் கும்பிடுவதற்கு. கண்டக்டர் மைக்கைப் பிடித்து வரவு செலவை ஒரு பைசா விடாமல் படித்தார். அவர் கணக்கில் எப்போதும் நேர்மையானவர். எங்கள் பெண்கள் ஆடிய ஒரே இடத்தை மூடுவதற்கு எங்கள் இரண்டு தெருவும் சேர்ந்து கொடுத்தது, மொத்தம் மூன்று லட்சத்து எழுபத்தாறாயிரத்து ஒரு ரூபாய்.